மலைச் சரிவின் வயலும் இறக்காமத்துக் குளமும்

இறக்காமத்து வயல்களில் பாயும் நீர் முழுவதும் இறக்காமத்து மழையால் வந்தது அன்று. பதுளைக்குக் கிழக்கே ஊவா மலைகளில் பிறக்கும் ஓர் ஆறு இங்கினியாகலையைக் கடந்து கிழக்குக் கரையை நோக்கி இறங்குகிறது. சிங்கள மக்கள் அதனைக் கல் ஓயா என்பர். தமிழ் பேசும் மக்கள் பட்டிப்பளை ஆறு என்பர். மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, சிறு வயலைக் குடும்பத்தோடு உழுதுண்டு வாழ்ந்தவர்களே மிகுதி. இவ்விரு சாராரின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான், ஒரு குடும்பத்தின் நிலம் எதனால் நிலைக்கிறது, எதனால் கைவிட்டுப் போகிறது என்பது விளங்கும்.

மலைநாட்டுக் குடும்பம் வயலை மட்டும் நம்பி வாழ்ந்ததில்லை. சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த வயல்கள் சிறியவை. அவற்றின் நெல் பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் போதாது. ஆகவே மேட்டுக் காட்டில் சேனை வெட்டிக் குரக்கன் விதைத்தனர். வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தில் பலாவும் கமுகும் வளர்த்தனர். காட்டோரம் மேய்ந்த எருமைகள் உழவுக் காலத்தில் வயலை மிதித்துச் சேறாக்கின. வயலுக்கு நீர் கொணர்ந்த வாய்க்காலோ மலையைச் சுற்றி நெடுந்தொலைவு ஓடி வருவது. ஓரிடத்தில் கரை சரிந்தால் கீழே உள்ள அத்தனை வீட்டுப் பயிரும் வாடும். ஆதலால் கரை கட்டும் வேலை எல்லோருக்கும் உரியதாயிருந்தது. இன்றைய கணக்கர் ஒருவர் அவ்வயலின் வரவு செலவை எழுதப் புகுந்தால், காடு, மேய்ச்சல் நிலம், அயலாரின் உழைப்பு ஆகிய மூன்றையும் எங்கே எழுதுவது என்று திகைத்துப் போவார். வயலைத் தாங்கி நின்ற தூண்கள் அம்மூன்றுமே.

அத்தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படை, ஊர்களைக் கொளுத்திக் கால்நடைகளையும் நெல்லையும் அழித்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நன்றே. ஆனால் அம்முறையின் கீழ்ப் பேணப்பட்டுவந்த வாய்க்காலை இனி யார் பேணுவது என்பதற்கு ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாகக் கொண்டது. பாட்டன் காலந்தொட்டுச் சேனை வெட்டியவனிடம் உறுதி ஏது? மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின.

குடியானவனும் தன் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி நட்டான். அது தந்த காசு வரிக்கும் உதவியது. அக்காலத்தில் நெல்லுக்குத் தானிய வரி உண்டு. பத்தில் ஒரு பங்கு என்பது அதன் அடிப்படை. 1878ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் பணமாகக் கட்டும் முறையை வலுப்படுத்தியது. நெல் வைத்திருப்பவன் நெல் கொடுப்பான். காசுக்கு எங்கே போவான்? கோப்பி இருக்கும்வரை அக்கேள்வி எழவில்லை. 1869இல் ஊவாவின் மடூல்சீமையில் கோப்பி இலையைப் பற்றும் ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி ஏறக்குறைய மடிந்தது. தோட்டத்துரைமார் பலர் தேயிலைக்கு மாறினர்; குடியானவனுக்கு மாறுவதற்கு முதல் இல்லை. வரி மட்டும் நின்றது. 1880களில், ஊவாவை அடுத்த வலப்பனையில், நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் போயின. வயலிழந்தோர் ஊர் விட்டு அலைந்தனர்; பட்டினியால் மாண்டோரும் உண்டு. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசுரியர் அதனை வெளிக்கொணர்ந்தார். வரி 1893 தொடக்கம் நீங்கியது. ஏலம் போன வயலை அந்த நீக்கம் மீட்டுத் தரவில்லை.

இதற்கு முன்னரே மலைக்கும் கரைநாட்டுக்கும் பொதுவான ஒரு நன்மை விளைந்திருந்தது. பதுளையில் அதிகாரியாயிருந்த ஜோன் பெய்லி, ஊவாவின் நீர்ப்பாசனம் சீரழிந்திருப்பதை 1850களில் எழுதிக் காட்டினார். ஆளுநர் சர் ஹென்றி வார்ட் 1856இல் கொண்டுவந்த 9ஆம் இலக்கச் சட்டம், பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை ஊரவரே கூடி மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. மலையைப் பார்த்து எழுந்த அவ்வெண்ணம் கரைநாட்டில் நன்றாகவே பலித்தது. வார்ட் காலத்தில் சீர்செய்யப்பட்ட குளங்களுள் இறக்காமமும் அம்பாறையும் முதன்மையானவை. குளத்தில் நீர் நின்றதும் பற்றைக்காடு வயலாயிற்று. வேலி அடைக்காதவனையும் வாய்க்கால் வெட்டாதவனையும் கேட்க வட்டவிதானைக்கு உரிமை இருந்தது. போடியாரின் பெருவயலும் ஏழையின் அரை ஏக்கரும் ஒரே குளத்து நீரை எதிர்பார்த்து நின்றன. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது; ஆயினும் வட்டவிதானை என்னும் பெயர் கிழக்கில் இன்னும் வழங்குகிறது.

வாய்க்காலைக் காப்பதற்கு வழி பிறந்தது. பாகப்பிரிவினைக்கு வழி பிறக்கவில்லை. கண்டி மலைநாட்டில், பிரிக்க இயலாதபடி வயல் சிறுத்தபோது உரிமையாளர் ஆளுக்கோர் ஆண்டாக மாறி மாறி உழுதனர். இதற்குத் தட்டுமாறு என்று பெயர். நான்கு பேருக்கு உரிய வயலானால் ஒருவனுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறையே விளைச்சல். அடுத்த ஆண்டு பிறன் உழப்போகும் மண்ணுக்கு எவன் எரு சுமப்பான்? கண்டி மாவட்டத்துப் பாத்ததும்பறையை ஆராய்ந்து 1957இல் வெளியான பல்கலைக்கழக ஆய்வு, இத்தகைய கிராமங்கள் உள்ளுக்குள்ளே சிதைந்துகொண்டிருப்பதைக் காட்டிற்று. இறக்காமம் போன்ற ஊர்களில் வழக்கம் வேறு. அங்கே வீடும் வயலும் சீதனமாகப் பெண்மக்களுக்குச் செல்வது நெடுநாள் மரபு. மகள்மார் நால்வரானால் வயலும் நான்காகிறது. சிறுத்த துண்டை உழவு கூலி கொடுத்து விதைப்பதா, குத்தகைக்கு விடுவதா என்று மருமகன் கணக்குப் பார்க்க வேண்டியவனாகிறான்.

1949இல் கல் ஓயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலை அணையின் பின்னே சேனநாயக்க சமுத்திரம் விரிந்தது. மலைநாட்டின் நெருக்கடியில் நிலமற்றுப்போனோர் பலர் கீழே குடியேறினர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி வழங்கிய காணியைத் துண்டாட முடியாது, ஒருவரே வாரிசு. மலையில் நேர்ந்தது இங்கே நேராதிருக்கச் செய்த ஏற்பாடு இது. வாரிசாகாத மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

அப்பள்ளத்தாக்கில் 1956 ஜூன் மாதம் இரத்தம் சிந்தியது. பின்னரும் நீர்ப் பிணக்கு தீரவில்லை. வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையில் தமிழ் பேசுவோர் பலர். 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடதுகரையில் இளைஞர்களை அனுப்பி, வயல் வாய்க்கால்தோறும் உழவரைக் கூட்டின. அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு. அந்த நிலையிலும் மேல்மடை உழவர் சிலர் முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த நீரைக் கடைமடைக்கு விட்டனர். நூறாண்டுக்கு முன் மலை வாய்க்காலில் அறுந்த ஒழுங்கு, அரசாங்கத்தின் கால்வாயில், வேறு மனிதர்களிடையே மீண்டும் தோன்றியது.

காடும் மேய்ச்சல் நிலமும் இன்று திரும்பா. அவற்றின் இடத்தை 1962இல் தொடங்கிய உர மானியம் ஓரளவு பிடித்துக்கொண்டது. எருமையின் எருவுக்குப் பதில் கப்பலில் வந்த மூட்டை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டபோது, ஊவாவின் சரிவில் மரக்கறி பயிரிட்டவரும் கரைநாட்டில் நெல் விதைத்தவரும் ஒன்றாகத் தவித்தனர். நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டிருந்தது.