இருவீச்சுப் படகுப்பொறி: பழுதும் வரலாறும்



கிந்தா ஆற்றில் படகுகள் ஏறிவரக்கூடிய கடைசித் துறையாக இருந்தமையால்தான் ஈப்போ ஊராகிப் பின் நகரமாயிற்று. ஈயம் ஆற்றின் வழியே கீழிறங்கியது. அரிசியும் ஆட்களும் அதே வழியில் மேலேறி வந்தனர். 1895ஆம் ஆண்டளவில் தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) வரை இருப்புப்பாதை அமைந்தபின் படகின் பணியைத் தொடர்வண்டி ஏற்றுக்கொண்டது. ஆகவே சிலிபினில் நின்று படகுப்பொறியைப் பற்றிப் பேசுவது இவ்வூருக்குப் பொருந்தாத பேச்சன்று. அப்பொறியின் ஓசையும் உங்களுக்குப் புதிதன்று. தோட்டத்திலும் சாலையோரத்திலும் புல்வெட்டுவோர் முதுகில் சுமக்கும் இயந்திரம் நீலப்புகை கக்கி இரைவதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் பழைய படகுப்பொறியும் ஒரே குடும்பத்தவை. இரண்டுக்கும் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். ஏன் கலக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குரிய விடையில் அப்பொறியின் வரலாறும் அதன் பழுதுகளின் காரணமும் அடங்கியுள்ளன.

1876இல் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ செய்த பொறி உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் என நான்கு வீச்சுகளில் ஒருமுறை ஆற்றல் தந்தது. இரண்டு வீச்சுக்கு ஒருமுறை ஆற்றல் பெறும் வழியை ஸ்காட்லாந்தின் டூகல்ட் கிளார்க் 1881இல் காப்புரிமை செய்தார். ஆனால் அதற்குத் தனியே ஓர் ஏற்றுருளை வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டேயும் அவர் பட்டறையினரும் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனையும் நீக்கினர். பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறையையே ஏற்றியாகப் பயன்படுத்தினர். பொறி எளிதாயிற்று, எடை குறைந்தது. 1909இல், நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், படகின் பின்புறத்தில் மாட்டக்கூடிய ஒன்றரைக் குதிரைத்திறன் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் எடை ஏறத்தாழ 28 கிலோ.

இவ்வெடைக் குறைவுக்கு ஒரு விலை உண்டு. நான்குவீச்சுப் பொறியில் கீழறை எண்ணெய் தேங்கும் இடம். இருவீச்சுப் பொறியிலோ அது எரிபொருள் கடந்து செல்லும் வழி. அங்கே எண்ணெய் தேங்க இயலாது. எனவே எண்ணெய் எரிபொருளோடு சேர்ந்தே பயணம் செய்தாக வேண்டும். எரிபொருள் வரத்துக் குறைந்தால் எண்ணெய் வரத்தும் உடன் குறையும். இதனை மனத்தில் நிறுத்தினால் பிற யாவும் விளங்கும்.

தமிழ்க்கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தில் ஏறி உலகச் சொல்லாயிற்று. அக்கரைக்கு வெளியிணைப்பு இயந்திரம் பெருவாரியாக வந்தது 1970களிலும் 1980களிலுமே. ஜப்பானிய நிறுவனங்கள் மண்ணெண்ணெயில் ஓடும் இருவீச்சுப் பொறிகளை அளித்தன. 1979இல் சென்னையை இருப்பிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சிறு மீனவரின் கலங்களை மேம்படுத்த முயன்றது. குமரி, கேரளக் கரைகளின் வள்ளங்களிலும் இலங்கையின் கண்ணாடியிழைப் படகுகளிலும் இப்பொறி இடம்பிடித்தது. பாய் சுருங்கியது, துடுப்பு ஓரத்தில் கிடந்தது. பொறி நின்றால் கரைசேர வேறு வழி அரிதாயிற்று. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்திய, இலங்கைக் கடல் எல்லை வரையப்பட்டபின் பாக்கு நீரிணையில் பொறி நின்ற படகு காற்றோடும் நீரோட்டத்தோடும் சென்று எல்லை கடந்துவிடவும் கூடும். கார்புரேட்டரில் ஒரு துளை அடைத்தால் ஒரு குடும்பத்தலைவர் சிறை புகவும் நேரலாம். ஆதலின் பழுதறியும் கலை அவர்களுக்கு உயிர்க்கலை.

அக்கலை ஓர் ஒழுங்குடையது. பொறி தடுமாறினால் முதலில் எரிபொருள் வரும் வழியை நாட வேண்டும். சிறிது நேரம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறதா? தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருக்கலாம். காற்று உட்புகாத தொட்டியிலிருந்து எரிபொருள் வெளிவராது. குழாயிலுள்ள ரப்பர்க் குமிழைப் பிசைந்தவுடன் பொறி தெளிந்தால் குறை வரத்தில்தான் இருக்கிறது. எரிபொருளில் சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்தால், கலந்திருந்த நீர் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். காற்றை மட்டுப்படுத்தும் சோக்கைச் சற்று இழுத்தால்தான் ஓடுகிறது என்றால், நாட்பட்ட பெட்ரோலின் பிசின் கார்புரேட்டர்த் துளையை அடைத்திருக்கலாம். அல்லது எங்கோ காற்றுக் கசிகிறது.

அடுத்தது தீப்பொறி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது சான்று கூறும். பிஸ்கட்டின் நிறம் நலத்தைக் காட்டும். கறுத்து நனைந்திருப்பது எரியாமையையும், வெளுத்திருப்பது எரிபொருள் போதாமையையும் காட்டும். இரட்டை உருளைப் பொறியாயின், பொறியை நிறுத்தி ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, உலோக உடலோடு இணைத்தபின் மீண்டும் இயக்க வேண்டும். இதனால் ஓட்டத்தில் மாறுதல் இல்லையெனில், அந்த உருளை முன்பே செயலற்றிருந்தது எனத் துணியலாம். மூன்றாவது அமுக்கம், இரண்டு உருளைகளின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். இவற்றோடு, பொறியின் பக்கவாட்டில் பீறிடும் சிறு நீர்த்தாரையையும் நோக்க வேண்டும். அது நின்றால் குளிர்நீரேற்றியின் ரப்பர் இதழ்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது நீர் வரும் வழி அடைபட்டிருக்கலாம்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத பழுது. சுழல்தண்டின் இருமுனையிலும் கீழறையைக் காக்கும் ரப்பர் வளையங்கள் உள்ளன. நம் முன்னோர் பால்மரம் வெட்டி எடுத்த இயற்கை ரப்பர் இவ்விடத்துக்கு உதவாது. பெட்ரோலிலும் எண்ணெயிலும் அது ஊதிப்போகும். 1930களில் ஜெர்மனியில் உருவான எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரே இதற்கு ஏற்றது. அதுவும் முதுமையில் இறுகி வெடிக்கும். அப்போது கீழறைக்குள் காற்றுப் புகும், கலவை மெலியும். பொறியோ சிலபோது முன்னினும் விரைந்து ஓடும். ஓட்டுபவர் மகிழ்வார். ஆனால் எரிபொருளோடு எண்ணெயும் குறைந்துவிட்டது. பிஸ்டன் காய்ந்து உருளையோடு இறுகி நிற்கும். பிறந்த நாளில் கொடுத்த விலையைப் பொறி இங்கே மீண்டும் கொடுக்கிறது.

மண்ணெண்ணெய் இக்கலையை மேலும் நுணுக்கமாக்கிற்று. குளிர்ந்த பொறியில் அது எளிதில் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்ப வேண்டும். இதில் தவறினால் பிளக் நனையும். நாளடைவில் கரி படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அரிதானபோது மக்கள் இவ்வறிவைத் தரையிலும் கையாண்டனர். சில துளி பெட்ரோலால் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். மலாயாவின் இருப்புப்பாதைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிய வந்தோர் பலரின் உறவினர் வாழ்ந்த மண் அது.

பழைய இருவீச்சுப் பொறி எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எரிக்காமலே நீரிலும் காற்றிலும் விடுகிறது. அமெரிக்கா 1996இல் விதித்த மாசுக் கட்டுப்பாடு அதன் முடிவை விரைவுபடுத்தியது. நான்குவீச்சுப் பொறிகள் அவ்விடத்தைப் பெற்றன. பொறி மறைவதற்காக வருந்த வேண்டியதில்லை. அதனைச் செவியாலும் விரலாலும் முகர்வாலும் ஆய்ந்தோரின் அறிவு எழுதப்படாமல் மறைவதே இழப்பு. பிஸ்டனும் பிளக்கும் வந்த சொற்கள். அடைப்பு, கசிவு, இறுக்கம், தேய்வு என்பன நம் சொற்கள். இவ்விரண்டையும் சேர்த்தே அவர்கள் சிந்தித்தனர். அறிவியல் தமிழ் நூல்களில் மட்டும் பிறந்ததன்று, பட்டறைகளிலும் பிறந்தது என்பதற்கு அதுவே சான்று.

மாணவர்களுக்கு ஒரு பணி தருகிறேன். உங்கள் பகுதியில் புல்வெட்டும் பெரியவர் ஒருவரை அணுகி, “ஐயா, இயந்திரம் சரியாக ஓடாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அடுத்து எதை?” என்று கேளுங்கள். அவர் கூறும் வரிசையை, அவர் சொல்லும் சொற்களிலேயே, மாற்றாமல் எழுதி வாருங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டுகிறேன்.