கோவையில் வென்ற கோப்பையும் திறக்காத கதவும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீரபாண்டிப் பக்கம் ஐரோப்பியக் கால்பந்து பேசும் பிள்ளைகள் இப்போது நிறைய. டீக்கடையில் ஒருவன் மான்செஸ்டர் யுனைடெட் என்பான், இன்னொருவன் ரியல் மாட்ரிட் என்பான். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவன், இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன், போன வாரம் கேட்டான்: "சார், 2021ல சூப்பர் லீக்னு ஒண்ணு ஆரம்பிச்சு ரெண்டே நாள்ல காணாமப் போச்சே, அதுக்கு எதுக்கு சார் அவ்வளவு சண்டை?"

அவனுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அந்தச் சண்டை லண்டனில் மட்டும் நடந்ததல்ல, நம் கோயமுத்தூரிலும் நடந்தது. அங்கே ரசிகர்கள் ஜெயித்தார்கள். இங்கே நாம் தோற்றோம், தோற்றது பலருக்குத் தெரியாமலே.

முதலில் பழைய கதை. உலகத்தின் முதல் கால்பந்து லீக் 1888இல் இங்கிலாந்தில் தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் மெக்ரெகர். பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்தவர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி. அன்றைக்குக் கிளப்புகள் தேதி குறித்துவிட்டு வராமல் போய்விடும். கூட்டம் வந்து ஏமாந்து திரும்பும். வியாபாரி அல்லவா, இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று யோசித்தார். குறித்த நாளில் குறித்த அணிகள் ஆடியே ஆகவேண்டும் என்று 12 கிளப்புகளைச் சேர்த்தார். ஏப்ரல் 17ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரு ஓட்டலில் கூடி, 'ஃபுட்பால் லீக்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த 12இல் 6 கிளப்புகள் லங்காஷயரைச் சேர்ந்தவை. பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், பிரெஸ்டன், அக்ரிங்டன் எல்லாம் பஞ்சாலை ஊர்கள். எவர்டன் மட்டும் லிவர்பூல் துறைமுகத்துப் பக்கம். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை மதியம் 2 மணியோடு ஆலையை நிறுத்தச் சொன்னது. சனிக்கிழமை மதியம் கையில் நேரம் கிடைத்த தொழிலாளி கால்பந்து பார்க்கப் போனான். நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு சினிமாவுக்குப் போகிற மாதிரி. முதல் ஆண்டு கோப்பையை வாங்கியதும் ஒரு பஞ்சாலை ஊர்தான். பிரெஸ்டன், 22 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஆனால் அந்த 12 பேர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கடைசி நான்கு இடத்தில் இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மற்றவர்களிடம் மறுபடி ஓட்டுக் கேட்டுத்தான் உள்ளே இருக்க முடியும். பிறகு இரண்டாம் டிவிஷன் வந்தது. 1898இலிருந்து கீழே ஜெயித்தவன் தானாக மேலே வருவான், மேலே தோற்றவன் தானாகக் கீழே போவான். ஏணி மாதிரி. 2008-09இல் லெஸ்டர் சிட்டி மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. 2016இல் அதே லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன். ஏணி இல்லாமல் இது நடக்குமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிந்துபோவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1992இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கிளப்புகள் டிவி பணத்துக்காகப் பழைய லீக்கை விட்டு வெளியேறித் தொடங்கியதுதான் பிரீமியர் லீக். பணக்காரர்கள் இன்னும் பணக்காரர் ஆனார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கடைசி மூன்று பேர் கீழே இறங்க வேண்டும் என்ற விதியை எடுக்கவில்லை. ஏணி அப்படியே இருந்தது. அதனால் ஜனங்கள் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு வந்த அறிவிப்பு வேறு வகை. கணக்குப் பார்த்தால் முதல் லீக்குக்குப் பெயர் வைத்து 133 வருஷமும் ஒரு நாளும்! இதிலும் 12 கிளப்புகள். இங்கிலாந்தில் 6, ஸ்பெயினில் 3, இத்தாலியில் 3. ரியல் மாட்ரிட் தலைவர் ஃப்ளோரன்டினோ பெரெஸ் இதற்கும் தலைவர். ஜே.பி. மார்கன் வங்கி பணம் போடுகிறது. 20 அணிகள் ஆடும், அதில் 15 நிறுவன அணிகளுக்கு நிரந்தர இடம். எத்தனை தோற்றாலும் வெளியே போக வேண்டாம். மிச்சமிருக்கும் 5 இடத்துக்குத்தான் மற்ற எல்லாரும் அடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் செல்சி ரசிகர்கள் தங்கள் மைதானத்துக்கு வெளியே தெருவை மறித்தார்கள். அணியின் பேருந்து உள்ளே போக முடியவில்லை. பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் இறங்கி வந்து கெஞ்சினார். அன்று இரவுக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் விலகிவிட்டன. பேயர்ன் மியூனிக் முதலிலேயே சேரவில்லை. ஜெர்மனியில் கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களைக் கேட்காமல் எந்த முதலாளி கையெழுத்துப் போடுவார்? பிறகு 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், புதிய போட்டிகளைத் தடுக்க ஃபிஃபாவும் யூஃபாவும் வைத்திருந்த விதிகள் சட்டப்படி செல்லாது என்றது. வழக்கில் அப்படி. தெருவில் தீர்ப்பு ஏற்கெனவே ஆகிவிட்டது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

நம் நாட்டில் 1996இல் தேசிய கால்பந்து லீக் வந்தது. 2007இல் அது ஐ-லீக் ஆனது. கூட்டம் குறைவு, டிவியில் பார்ப்பவர் குறைவு, மைதானம் மோசம். இதை மறைக்க வேண்டியதில்லை. 2010 டிசம்பர் 9இல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 700 கோடி ரூபாய். அந்த நிறுவனம் 2014 அக்டோபரில் ஐ.எஸ்.எல். போட்டியைத் தொடங்கியது. 8 அணிகள், சினிமா நட்சத்திரங்கள், ஓய்வு பெறும் வயதில் இருந்த வெளிநாட்டு வீரர்கள். நம் சென்னையின் எஃப்.சி.யும் அதில் ஒன்று, இரண்டு முறை கோப்பை வென்றது. மைதானம் நிறைந்தது. வீரர்களுக்கு நல்ல சம்பளம் வந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் உள்ளே வர வழி ஒன்றுதான், பணம் கட்டி உரிமை வாங்குவது. கீழே ஜெயித்து மேலே வரும் வழி கிடையாது. தோற்றுக் கீழே போவதும் கிடையாது. ஐரோப்பா இரண்டு நாளில் தூக்கி எறிந்த திட்டத்தை நாம் ஏழு வருஷம் முன்பே கைதட்டி வரவேற்றிருந்தோம்!

இங்கே ஒரு வேடிக்கை. 2007இல் ஜீ தொலைக்காட்சியின் சுபாஷ் சந்திரா கிரிக்கெட்டில் ஐ.சி.எல். என்று தனி லீக் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். முதல் கோப்பையை நம் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்தான் வென்றது. கிரிக்கெட் வாரியம் என்ன செய்தது? ஆடியவர்களுக்குத் தடை போட்டது. கபில் தேவை தேசிய அகாடமித் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. 2009இல் மன்னிப்பு என்று சொல்லித்தான் பையன்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆக, வெளியாள் தனி லீக் நடத்தினால் துரோகம். சம்மேளனமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வளர்ச்சி.

கால்பந்தில் எதிர்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐ-லீக் இரண்டாம் தரமாகப் போகிறது என்று தெரிந்ததும் 2016இல் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கோவா கிளப்புகள் விலகிக்கொண்டன. 2017இல் மிசோரத்தின் ஐசால் கிளப், பெரிய பணம் இல்லாமலே ஐ-லீக் சாம்பியன் ஆனது. தங்களை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினால் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்போம் என்று அந்தக் கிளப் எச்சரித்தது. அந்த ஆண்டே பெங்களூரு எஃப்.சி. பணம் கட்டி ஐ.எஸ்.எல்.லுக்கு மாறிவிட்டது. பெங்களூரு நன்றாக ஆடிய அணி, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் சாம்பியன் ஐசால்.

கோவா கிளப்புகள் காலி செய்த இடத்தில்தான் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீகுக்குள் வந்தது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று சென்னையில் தொடங்கிய பழைய கிளப் அது. ஐ-லீகில் அதுவும் விண்ணப்பம் போட்டு நேரடியாக நுழைந்ததுதான், ஏணி ஏறி வரவில்லை. நியாயம் பேசுகிறபோது இதையும் சொல்லிவிட வேண்டும். 2017-18இல் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், சுற்றிலும் கடைகளாக இருக்குமே, அதுதான். முதல் வருஷம் கீழ்வரிசையில்தான் முடிந்தது.

அடுத்த வருஷம்தான் அதிசயம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். கூடவே எட்வின் சிட்னி, ரொமாரியோ யேசுராஜ் என்று நம் தமிழ்நாட்டுப் பையன்கள். என் அக்கா மகன் கோவையில் இருப்பதால் அந்த சீசனில் இரண்டு ஆட்டம் நேரில் பார்த்தேன். காலரியில் உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து கத்தினேன். வகுப்பில் முப்பது வருஷம் "சத்தம் போடாதே" என்று சொன்ன வாய்!

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்து, நாம் ஜெயிக்காவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அப்படியே. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு கோல் அடித்தது முன்வரிசைக்காரர் அல்ல, தடுப்பு வரிசையில் ஆடும் கௌரவ் போரா. ஒன்றல்ல, இரண்டு. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. அவர்கள் 42 புள்ளி, நாம் 43. தேசிய லீக் கோப்பையைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை.

எட்டு நாள் கழித்து ஐ.எஸ்.எல். கோப்பையைப் பெங்களூரு எஃப்.சி. வென்றது. நாட்டில் இரண்டு சாம்பியன்கள்! யார் பெரியவர்? அதற்கும் பதில் கிடைத்தது. அடுத்த மாதம் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பைக் காலிறுதி. பல ஐ-லீக் கிளப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து அந்தப் போட்டிக்கே வரவில்லை. சென்னை சிட்டி போனது. பெங்களூருவை 2-1 என்று தோற்கடித்தது.

இதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2019 அக்டோபரில், ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் ஒப்புதலோடு, ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று அறிவித்தார்கள். ஐ-லீக் சாம்பியன் கட்டணம் இல்லாமல் மேலே வரலாம். எப்போதிலிருந்து? 2022-23 சீசனிலிருந்து. 2019இல் ஜெயித்தவன் என்ன செய்வான்? காத்திரு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைமடியாகச் சேர்ந்த பையன் டெய்லர் ஆகி, கான்ட்ராக்ட் எடுத்து, நாலு மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் செய்து, ஒரு நாள் தன் பெயரில் ஏற்றுமதி செய்த கதை இங்கே தெருவுக்கு ஒன்று உண்டு. எல்லாரும் அப்படி ஆகவில்லை. ஆகலாம் என்ற நம்பிக்கையில்தான் ராத்திரி ஷிப்டும் ஓடியது. ஏற்கெனவே இருக்கிற 15 கம்பெனிகள் தவிர இனி யாரும் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் வந்திருந்தால் திருப்பூர் இருந்திருக்குமா?

மேலே போக வழியில்லாத அணியில் நல்ல ஆட்டக்காரன் எத்தனை நாள் இருப்பான்? எட்வின் சென்னையினுக்குப் போனார். ரொமாரியோ கோவா எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பான் போய்விட்டார். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது, அதுவும் காப்பாற்றவில்லை. கொரோனா வந்தது. 2021-22 ஐ-லீகில் 13 அணிகள் ஆடின. அந்தப் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எல்லாப் பழியும் மூடிய கதவின்மேல் போட முடியாது, கிளப் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் சாம்பியன் ஆன மறுநாள் அந்தக் கதவு திறந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு மட்டும் வேறு வழி கிடைத்தது. 1889இல் தொடங்கிய மோகன் பகான் 2020இல் ஏ.டி.கே. அணியோடு இணைந்து உள்ளே போனது. ஈஸ்ட் பெங்கால் ஒரு சிமெண்ட் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டு அதே வருஷம் போனது. கோவைக்கு அப்படி யார் வருவார்கள்?

2023இல் ஒருவழியாகக் கதவு திறந்தது. ஐ-லீகில் ஜெயித்து முதன்முதலாக ஐ.எஸ்.எல்.லுக்குள் ஏறிய அணி பஞ்சாப் எஃப்.சி. கை மாறி, பெயர் மாறிய அந்தப் பழைய மினர்வா பஞ்சாப்தான். 2019 மார்ச்சில் கோவையில் 3-1 என்று தோற்றுப்போன அதே அணி!

அடுத்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே வந்தது. மேலே வரத்தான் வழி செய்தார்கள். ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் பிடித்த அணி கீழே இறங்கும் விதி 2024-25 சீசனுக்குள் வந்துவிடும் என்றிருந்தார்கள், அந்த சீசனிலும் யாரும் இறங்கவில்லை. அந்த 15 வருஷ ஒப்பந்தம் முடிகிற 2025இல் என்ன ஆயிற்று என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். புது ஒப்பந்தம் இல்லை என்று ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்திவைத்தார்கள். அக்டோபரில் சம்மேளனம் உரிமைக்கு டெண்டர் விட்டது. ஒருவர்கூட விண்ணப்பம் போடவில்லை.

2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கத்தில் யாராவது இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். எந்தக் காலரியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.