டிராக்டரும் மின்னூட்டமும்

உழவு யந்திரத்தின் வரலாற்றைக் கூறுவோர் அதன் குதிரைத்திறனைப் போற்றுவர். கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பை வியப்பர். எஞ்சினின் பக்கத்தில், விசிறிப் பெல்ட்டினால் சுழலும் சிறிய மின்னாக்கியைப் பற்றி அவர்கள் பேசுவது அரிது. ஆயினும் விதைப்புக் காலத்து விடியற்காலையில், ‘டக்’கென்ற ஒரே ஒலியுடன் டிராக்டர் அடங்கிவிடுமானால், அன்றைய உழவு முழுவதும் அச்சிறு பொறியை நம்பியிருந்தது என்பது புலனாகும். உடையவர் பாட்டரியைக் குறை கூறிப் புதியதொன்று வாங்குகிறார். சில வாரங்களில் அதுவும் சோர்ந்துவிடுகிறது. நோய் பாட்டரியில் இல்லை. அதற்கு மின்சாரம் ஊட்டும் அமைப்பில் உள்ளது. அவ்வமைப்பு வளர்ந்த வரலாற்றை அறிந்தால், நோயின் இருப்பிடத்தையும் அறியலாம்.

முதற்காலத்து டிராக்டர்களுக்குப் பாட்டரியே தேவைப்படவில்லை. 1917-இல் அமெரிக்காவில் பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கிய ஃபோர்ட்சன், தன் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மாக்னெட்டோவினால் தானே உண்டாக்கிக்கொண்டது. 1921-இல் வெளிவந்த ஜெர்மானிய லான்ஸ் புல்டாக்கின் எஞ்சின் தலையை ஊதுவிளக்கினால் சூடேற்றிய பின்னரே அதைக் கிளப்ப முடிந்தது. ஃபோர்ட்சனைப் போன்றவற்றை ஹாண்டில் போட்டுச் சுழற்றுவர். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுழற்றுபவரின் மணிக்கட்டு முறிவதும் உண்டு.

இவ்வின்னலுக்கு விடை மோட்டார் காரிலிருந்து வந்தது. சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்றது. ஸ்டார்ட்டர் வந்ததும் பாட்டரி வேண்டியதாயிற்று; பாட்டரி வந்ததும் அதை நிரப்ப மின்னாக்கி வேண்டியதாயிற்று. 1939-இல் வெளிவந்த ஃபோர்ட் 9என் டிராக்டரில் இம்மூன்றும் அமைந்திருந்தன. ஆயினும் 1942-இல், போர்க்காலப் பொருள் தட்டுப்பாட்டினால், அதே டிராக்டர் 2என் என்னும் பெயரில், பாட்டரியும் மின்னாக்கியும் இன்றி, மாக்னெட்டோவுடனும் இரும்புச் சக்கரங்களுடனும் வந்தது. மின்சாரம் அக்காலத்தில் டிராக்டருக்கு ஒரு வசதியாகவே இருந்தது, உயிர்நாடியாகவில்லை.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலே எல்லா மின்னாக்கிகளுக்கும் அடிப்படை. பாட்டரியை நிரப்பும் பணியை முதலில் ஏற்றது டைனமோ. ஆனால் மின்சாரத்தைப் பிறப்பித்தால் மட்டும் போதாது. ஓய்ந்திருந்த மின்னாக்கியை விழிக்கச் செய்யவேண்டும். எஞ்சின் விரைந்தோடும்போது மின்னழுத்தம் எல்லை மீறாமல் அடக்கவேண்டும். எஞ்சின் நின்றபின் பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கவேண்டும். பிறப்பித்தல், எழுப்புதல், அடக்குதல், தடுத்தல் என்னும் இந்நான்கு கடமைகளே இவ்வரலாற்றின் சாரம். பொறிகள் மாறின, கடமைகள் மாறவில்லை.

டைனமோவில் இவை நிறைவேறிய விதத்தைக் காண்போம். பிறப்பித்தது சுழலும் ஆர்மெச்சூர்; முழு மின்சாரமும் கம்யூட்டேட்டர் வழியே கார்பன் பிரஷ்களைக் கடந்து வந்தது. எழுப்பியது, இரும்பில் எஞ்சிநின்ற சிறிதளவு காந்தம். அடக்கும் பணியைத் தொடக்கத்தில் மூன்றாவது பிரஷ் ஒன்றும், பின்னர் ரெகுலேட்டர் பெட்டியும் செய்தன. தடுத்தது கட்-அவுட் என்னும் காந்தச் சாவி. இதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பாட்டரி இரவோடிரவாக வடிந்துவிடும். நெடுநாள் கிடப்பில் இருந்த டைனமோ தன் எஞ்சிய காந்தத்தை இழந்திருந்தால், எவ்வளவு சுழன்றாலும் விழிக்காது. பாட்டரியிலிருந்து அதன் காந்தச் சுருளுக்கு ஒரு கணம் மின்சாரம் தொட்டுக் காட்டினால் மீண்டும் உயிர்பெறும்.

நம் நாட்டில் விடுதலையையொட்டிய ஆண்டுகளில், நாணல் இனத்தைச் சேர்ந்த காஸ் புல் படர்ந்து பாழான நிலங்களை உழுது மீட்கும் பணி தொடங்கியது. அதற்கான யந்திரங்களை வாங்க 1949-இல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கியது. பின்னர் உள்நாட்டிலேயே டிராக்டர்கள் தோன்றலாயின: 1959-இல் ஃபரீதாபாதில் ஐஷர், 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம், 1974-இல் பஞ்சாபில், இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட சுவராஜ். 1961-இல் சென்னையில் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் வாகனங்களுக்கான மின்கருவிகளைச் செய்யலாயிற்று. இன்று வடநாட்டில் வாழும் நம்மவர், அங்குள்ள பட்டறையொன்றில் பழுதுக்கு வந்த மின்னாக்கியின்மீது அப்பெயரைக் கண்டால் வியக்க வேண்டுவதில்லை.

இந்நாட்டு டிராக்டர்கள் பெரும்பாலும் டீசலால் ஓடுவன. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டா. ஒருமுறை கிளம்பிவிட்டால், பழைய எஞ்சின் பாட்டரியின் உதவியின்றியே நாள் முழுதும் ஓடும். ஆகவே மின்னூட்டம் நின்றுபோனதை ஓட்டுபவர் அறிவதில்லை. பகலில் விளைந்த குறை மறுநாள் காலையில்தான் வெளிப்படுகிறது. சரிவில் நிறுத்தி உருட்டிக் கிளப்புவதும், உணவு வேளையிலும் எஞ்சினை நிறுத்தாதிருப்பதும் நோயை மறைக்கும் உபாயங்களே. டீசல் வீணாவதுதான் கண்ட பலன்.

டைனமோவின் பெருங்குறை, மெதுவான ஓட்டத்தில் அது போதிய மின்சாரம் தராமை. கம்யூட்டேட்டர் மிகுவிரைவைத் தாங்காதாகையால், அதை வேகமாகச் சுழற்றவும் இயலாது. சிலிக்கான் டயோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அவ்விடத்திற்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் வேலியன்ட் கார் அதைப் பரவலாக்கியது. காலப்போக்கில் டிராக்டரும் அதை ஏற்றது. இதில் மின்சாரம் பிறப்பது அசையாத சுருள்களில். பிரஷ்கள் சுமப்பது காந்தத்திற்கு வேண்டிய சிறு மின்சாரத்தை மட்டுமே. எழுப்பும் பணி பெரும்பாலானவற்றில் எச்சரிக்கை விளக்கின் வழியே செல்லும் மின்சாரத்திற்கு உரியதாயிற்று. அடக்குவது மின்னணு ரெகுலேட்டர்; தடுப்பன டயோடுகள். அந்தோ! விளக்கின் பல்பு எரிந்துபோனால், நல்ல ஆல்டர்னேட்டரும் உறங்கிக் கிடக்கும். டயோடு பழுதானால், ஒட்டிய கட்-அவுட்டைப் போலவே இரவில் பாட்டரி வடியும். புதிய பொறியில் பழைய நோய்கள் புதிய இடங்களைத் தேடிக்கொண்டன.

எனவே சோதிப்பவர் நான்கு கடமைகளையும் வரிசையாக வினவுதல் நலம். முதலில் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தவேண்டும். ஏறத்தாழ அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இறுக்கவேண்டும். பாட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் சுத்தமாகத் துடைத்து இறுக்கவேண்டும். துருவேறிய எர்த் இணைப்பு நல்ல கருவிகளையெல்லாம் குற்றவாளிகளாக்கிவிடும். பின்னர் வோல்ட்மீட்டரைப் பாட்டரியின் முனைகளில் வைக்கலாம். 12 வோல்ட் அமைப்பில், ஓய்ந்திருக்கையில் நிறைந்த பாட்டரி சுமார் 12.6 காட்டும்; எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வரை உயரவேண்டும். உயரவில்லையெனில், சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று காண்க. அதுவே எழுப்பும் கடமை. எரிந்தும் பயனில்லையெனில் பிரஷ்களையும் ரெகுலேட்டரையும் ஐயுறுக. 15 வோல்ட்டைத் தாண்டினால் அடக்கும் கடமை தவறியது. பகலில் எல்லாம் சரியாயிருந்து இரவில் வடிந்தால், டயோடையோ வேறு ஒழுக்கையோ தேடுக.

டைனமோவை அகற்றி ஆல்டர்னேட்டர் பொருத்திய பழைய டிராக்டரில் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். பிரிட்டனில் செய்த பழைய டிராக்டர்கள் பல, பாட்டரியின் நேர்முனையை எர்த் ஆகக் கொண்டவை. ஆல்டர்னேட்டர்களோ பெரும்பாலும் எதிர்முனை எர்த்துக்கு உரியவை. முனை மாற்றி இணைத்தால் டயோடுகள் கணத்தில் அழியும். பழைய ரெகுலேட்டர் பெட்டியை இணைப்பிலிருந்து நீக்காமல் விட்டால், அடக்குவோர் இருவராகிக் குழப்பம் விளையும். ஓடும் எஞ்சினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டருக்கு அது நஞ்சு.

ஒரே டிராக்டரில் இரண்டு மூன்று காலங்கள் குடியிருக்கின்றன. எப்பகுதி எக்காலத்தது, அது எக்கடமையை ஏற்றது என்று உசாவியறிந்தவர், நல்ல பாட்டரியைக் குப்பையில் எறியமாட்டார். விதைப்பு நாளொன்றையும் இழக்கமாட்டார்.