செட்டிநாட்டுத் தொடக்கக் குடியேற்றம்: மரபுரையும் ஊர்ப்பெயர்ச் சான்றுகளும்

முன்னுரை

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டிற்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே வைகையும் கிழக்கே கடலும் மேற்கே பிரான்மலையும் எல்லை என மரபு கூறும். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறில்லாத இச்செம்மண் நிலம் கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பியே வாழ்ந்து வந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வந்து குடியேறியதிலிருந்தே இப்பகுதியின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. அம்மரபுரையைக் கல்வெட்டு, ஊர்ப்பெயர், உட்பிரிவுப் பெயர் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, அதன் சான்று மதிப்பை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபுரை கூறும் வருகை

சோழ மன்னனோடு ஏற்பட்ட பகையால் வணிகக் குடும்பங்கள் அழிந்தன. குருவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த 1502 ஆண்பிள்ளைகள் மட்டுமே எஞ்சினர். அவர்கள் வழிவந்தோர் பாண்டிய மன்னன் அழைப்பினை ஏற்று இளையாற்றங்குடியில் குடியேறினர் என்பது நகரத்தார் மரபுரை. பின்னர் மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஊர்க்கோயில்களும் உரிமையாக, நகரக் கோயில்கள் ஒன்பதாயின. இவை கி.பி. 707 முதல் 718 வரையிலான காலத்தில் கிடைத்தன என்று மரபுக் கணக்கு கூறுகிறது. ஒன்பது கோயில்களும் பதினோர் ஆண்டுகளுக்குள் அமைந்தன என்பது நீண்டகால நிகழ்வொன்றைச் சுருக்கிக் கூறும் நினைவாகவே தோன்றுகிறது.

முன்னிருந்த ஊர்கள்

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் எக்காட்டூர் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கிய தொன்மையான கல்வெட்டு உள்ளது. அதன் எழுத்தமைதி, மரபுரை குறிக்கும் ஆண்டுக்கு முற்பட்டது என்பது அறிஞர் கருத்து. மலையைக் குடைந்து கோயில் எடுக்க வல்ல தச்சரும், அவரை ஆதரிக்கும் ஊரும் வணிகர் வருகைக்கு முன்பே இங்கு இருந்தமைக்கு இது சான்றாகும்.

நகரத்தார் திருமணத்தில் எழுதப்படும் இசைகுடிமானம், கோயில் ஊர்களை இரட்டைப் பெயரால் குறிப்பிடும். இளையாற்றங்குடியான குலசேகரபுரம், மாத்தூரான வீரபாண்டியபுரம், இலுப்பைக்குடியான புகழிடங்கொடுத்தபட்டணம் என்பன அவற்றுட் சில. இவற்றில் முதற்பெயர் குடி, ஊர் என முடியும் வேளாண் குடியிருப்பின் பெயர். இரண்டாம் பெயரின் புரம், பட்டணம் என்னும் ஈறுகள் இடைக்கால வணிக நகரங்களுக்குப் பெரிதும் வழங்கியவை. குலசேகரன், வீரபாண்டியன் என்பன பிற்காலப் பாண்டியர் பலர் தாங்கிய பெயர்கள். எனவே, பழைய ஊரின் மீது வணிக நகரம் படிந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

உட்பிரிவுகள் காட்டும் பன்மை

இளையாற்றங்குடிக் கோயிலின் ஏழு உட்பிரிவுகளுள் ஒக்கூர், கழனிவாசல் என்பனவும், மாத்தூர்க் கோயிலின் ஏழனுள் உறையூர், மணலூர் என்பனவும் அடங்கும். ஒக்கூர் சிவகங்கைக்கு அருகிலும், கழனிவாசல் காரைக்குடியை ஒட்டியும் உள்ளன. உறையூரோ சோழர் தலைநகர். ஒரே பெயரில் பல ஊர்கள் இருத்தல் கூடுமாதலால் இவற்றை மட்டும் கொண்டு முடிவு கூறல் இயலாது. எனினும், பல இடத்து மக்கள் வெவ்வேறு காலங்களில் ஒரு கோயிலின்கீழ் இணைந்தனர் என்ற கருதுகோளுக்கு இவை இடந்தருகின்றன.

அமெரிக்காவில் 1785ஆம் ஆண்டின் நிலச்சட்டம், ஆறுமைல் சதுரமாக நிலத்தை அளந்து, 36 பிரிவுகளாக்கி விற்று ஊர்களை உருவாக்கியது. செட்டிநாட்டில் மணமான ஆண் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு வரி, வரிக்குக் கோயில் உரிமை என்பதே ஒழுங்கு. அங்கு நிலம் அலகு. இங்குக் குடும்பம் அலகு. ஆயினும் முதலில் வந்தவர் வெற்றுநிலத்தில் ஊர் கண்டனர் என்னும் கதையமைப்பு இரண்டிற்கும் பொது. அங்கு அக்கதை பழங்குடியினரை மறைத்தது. இங்கும் அது கண்மாய் வெட்டியோரையும் உழுதோரையும் வரலாற்றின் விளிம்பிற்குத் தள்ளுகிறது.

முடிவுரை

மரபுரையைப் பொய் எனத் தள்ளுதலும், ஆண்டுக் கணக்கோடு அப்படியே ஏற்றலும் ஒருசேரத் தவறாகும். ஒரு வணிகக்குழு தன்னை ஒரு குலமாக உணர்ந்த முறைக்கு அது நல்ல சான்று. நிலத்தின் தொடக்கத்திற்கு அன்று. செட்டிநாட்டு வரலாறு மாளிகைகளோடு தொடங்கவில்லை. எக்காட்டூரிலிருந்தும் அதன் நீர்நிலைகளிலிருந்தும் அதனைத் தொடங்கி எழுதுதல் வேண்டும்.