மூன்றாம் வகுப்பும் ஓர் அறிஞரும்



அறிஞர் என்றதும் நாம் பட்டங்களையே எண்ணுகிறோம். காவிரி வளநாட்டின் கடற்கரை ஊராகிய நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். முஸ்லிம் பெண்கள் பேனா பிடிப்பதே அரிதாயிருந்த காலம் அது. எனினும் வீட்டிலிருந்தே கற்றுத் தேர்ந்து, 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார்கள். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதினார்கள்.

கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்பவர் அறிஞரல்லர். சமுதாயத்திற்கு எடுத்துரைப்பவரே அறிஞர். அத்தகையவர் நம் வீட்டிலும் வளரக்கூடும். கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. "படித்தது போதும்" என்று மகளின் புத்தகத்தை வாங்கி வைக்குமுன் சற்றே சிந்தியுங்கள்!

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.