விளையாட்டரங்கில் சொந்தக் கேமரா: ஒரு தடையின் வரலாறு

பெரிய கிரிக்கெட் போட்டிகளின் நுழைவுச்சீட்டில், உள்ளே கொண்டு வரக்கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, தண்ணீர் பாட்டில், பை, கேமரா என்று அது நீளும். விருதுநகர் மாவட்டத்தார் இதைச் சற்று நின்று படிக்கலாம். தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் சோறு. அவற்றை ஏன் தடுக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு முன் சிவகாசி ரயில் நிலையத்தில் பைகளைச் சோதிப்பதும் அதே காரணத்தால்தான். ஆனால் கேமரா தீப்பிடிக்காது, வெடிக்காது. அது இந்தப் பட்டியலில் சேர்ந்த கதை வேறு.

தீயும் பாட்டிலும்

முதலில் தீயைப் பார்த்துவிடலாம். 1967 ஜனவரி 1 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது, அளவுக்கு மீறிய கூட்டம் திடலுக்குள் புகுந்து, கலவரமாகி, பார்வையாளர் பகுதிகள் எரிந்தன. 1969 நவம்பரில் பம்பாய் பிரபோர்ன் அரங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில், சென்னைக்காரரான எஸ். வெங்கட்ராகவன் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்ததாக நடுவர் கைதூக்கியதும், ரசிகர்கள் பாட்டில்களை வீசி, கிடைத்ததற்கெல்லாம் தீ வைத்தனர். புகை திடல்வரை வந்தது. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு கால்பந்து அரங்கில் மரப் பலகைகளால் ஆன பார்வையாளர் பகுதி எரிந்து 56 பேர் இறந்தனர். பலகைகளுக்கு அடியில் சேர்ந்து கிடந்த குப்பையில் விழுந்த அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ காரணம் என்று விசாரணையில் கருதப்பட்டது. 1996 மார்ச் 13 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டன்ஸில் மீண்டும் பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன, ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. தீப்பெட்டியும் பாட்டிலும் வாசலோடு நிற்பதற்கு இந்த நிகழ்வுகளே போதுமான விளக்கம்.

கேமராவைத் தடுத்தது பாதுகாப்பு அன்று, வியாபாரம். அதன் தொடக்கம் கிரிக்கெட்டில்கூட இல்லை. இங்கிலாந்தில் நடந்த ஒரு நாய்க் கண்காட்சியில் இருக்கிறது.

நாய்க் கண்காட்சி வழக்கு

பெண்கள் சங்கம் ஒன்று நடத்திய அந்தக் கண்காட்சியில் படம் எடுக்கும் தனியுரிமையை 'ஸ்போர்ட் அண்ட் ஜெனரல்' என்ற லண்டன் புகைப்பட நிறுவனம் வாங்கியிருந்தது. கட்டணம் கட்டி உள்ளே வந்த இன்னொருவர் தம் கேமராவால் படம் எடுத்தார். அந்தப் படங்கள் 'அவர் டாக்ஸ்' என்ற இதழில் வெளிவந்தன. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1916இல் நீதிமன்றமும், 1917இல் மேல்முறையீட்டு மன்றமும் இதழின் பக்கமே தீர்ப்புச் சொல்லின. கண்ணுக்குத் தெரியும் ஒரு காட்சியைப் படம்பிடிப்பது யாருடைய சொத்தும் அன்று. நடத்துபவர்களுக்குத் தடை வேண்டுமென்றால், அதை உள்ளே விடும்போதே நிபந்தனையாக வைத்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

தோற்ற வழக்கு தோற்றவர்களுக்கே வழிகாட்டிற்று. காட்சி சொத்தாகாது என்றால், சீட்டை ஒப்பந்தமாக்கிவிடலாம். இன்று உலகம் முழுவதும் நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் கேமராவைப் பற்றி நாம் படிக்கும் வாசகங்களின் சட்டத் தருக்கம் இதுதான். மாணவர்கள் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்: கேமராவுடன் அரங்கில் பிடிபடுபவர் குற்றவாளி அல்லர். சீட்டு வாங்கியபோது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியவர். அவரை வெளியே அனுப்பலாம், அவ்வளவே.

ஆஸ்திரேலியாவிலும் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. சிட்னியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு எதிர்வீட்டுக்காரர் தம் புல்வெளியில் ஒரு பரண் கட்டி, பந்தயத்தைப் பார்த்து வானொலியில் ஒலிபரப்ப இடம் கொடுத்தார். பந்தய நிறுவனத்துக்கு வருமானம் போயிற்று. 1937இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வேலிக்கு வெளியே நின்று பார்த்ததைச் சொல்வதைத் தடுக்க முடியாது என்றது. எதிர்வீட்டுக்காரர் சீட்டு வாங்கவில்லையே, அவரிடம் எந்த நிபந்தனையைக் காட்டுவது? மரத்திலும் மாடியிலும் ஏறி ஆட்டம் பார்க்கும் நம்மூர் வழக்கத்துக்கு அயல்நாட்டிலிருந்து கிடைத்த ஆதரவு என்று இதைச் சொல்லலாம்.

நிபந்தனை வைக்கும் கலையை இங்கிலாந்தின் கிரிக்கெட் நிர்வாகம் நன்றாகக் கற்றுக்கொண்டது. அங்கே டெஸ்ட் ஆட்டங்களைப் படம்பிடிக்கும் உரிமை பல ஆண்டுகள் இரண்டே நிறுவனங்களிடம் இருந்தது. ஓவல் 'சென்ட்ரல் பிரஸ்' கையில். லார்ட்ஸ் முதலியவை அதே 'ஸ்போர்ட் அண்ட் ஜெனரல்' கையில். 1972 வாக்கில் இந்தப் பூட்டு திறந்த பிறகே பேட்ரிக் ஈகர் போன்ற தனிப் புகைப்படக்காரர்கள் உள்ளே வந்தனர். அந்த இரண்டு நிறுவனங்களின் கண்ணில் படாத எத்தனையோ தருணங்கள் படமாகாமலே போயிருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் மட்டையாளர்

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நெடுங்காலமாக நடக்கிறது. முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரியில். எதிரணித் தலைவர் ஜார்டின். 1952 பிப்ரவரி 10 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கேதான் பெற்றது. 1986 செப்டம்பர் 22 அன்று ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்ட் இரு அணியும் ஒரே ஓட்டத்தில் நிற்க 'டை' ஆனது. அந்தக் காலங்களில் ரசிகர்களின் கேமராவை ஒரு போட்டியாக யாரும் எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. காரணம் எளிய கணக்கு.

பார்வையாளர் இருக்கையிலிருந்து ஆடுகளம் ஏறக்குறைய 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட கேமராவில், ஆறடி ஆள் ஒருவர் ஃபிலிமில் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் விழுவார். ஃபிலிமின் உயரமோ 24 மில்லிமீட்டர். பிரிண்ட் போட்டால் பச்சைப் பரப்பில் வெள்ளைப் புள்ளி. பத்திரிகைக்காரரின் 600 மில்லிமீட்டர் லென்ஸில் அதே ஆள் 13 மில்லிமீட்டருக்கு மேல் வருவார். நம்மூரில் குடும்ப விழாக்களுக்கு வாங்கி வைத்த அக்ஃபா கிளிக், பிறகு வந்த ஹாட்ஷாட் ஆகியவை அந்த வெள்ளைப் புள்ளிக்குமேல் எதையும் தர இயலாதவை. ஃபிளாஷும் சில மீட்டருக்குமேல் எட்டாது. இரவு ஆட்டங்களில் அரங்கெங்கும் மின்னும் ஃபிளாஷ்கள் முன்வரிசைக்காரரின் முதுகைத்தான் வெளிச்சமாக்கும்.

ஃபிலிமின் விலையும் கையைக் கட்டிப் போட்டது. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் வந்த பிறகும், ஒரு சுருளின் 36 படங்களை ஒரே ஆட்டத்துக்குச் செலவிடும் நடுத்தரக் குடும்பம் அரிது. தொழில்முறையாளரும் எண்ணித்தான் எடுத்தார்கள். 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் உலகின் முதல் 'டை' டெஸ்டின் கடைசி ரன் அவுட்டைப் படம்பிடித்த 'தி ஏஜ்' நாளிதழின் ரான் லவிட்டிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படத்துக்கான தகடு.

ஆகவே வீரர்களின் முகம் மக்களுக்குப் பத்திரிகைகள் வழியேதான் வந்தது. 'தி இந்து' குழுமத்தின் 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்', 1978இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழின் நடுப்பக்க வண்ணப்படம் ஆகியவை வீட்டுச் சுவர்களுக்கு ஏறின. இன்னொரு வழி சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காக வளர்ந்த இவ்வூர் அச்சுத் தொழில், காலண்டர், சுவர்ப்படம், நோட்டுப் புத்தக அட்டை என்று விரிந்தபோது சாமி படங்களோடும் நடிகர் படங்களோடும் கிரிக்கெட் வீரர்களும் சேர்ந்தார்கள். சலூன் சுவரில் மட்டையை ஓங்கி நிற்கும் வீரரின் படத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அதை எடுத்த புகைப்படக்காரரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. படத்துக்கு ஓர் உரிமையாளர் உண்டு என்ற எண்ணம் நம் பக்கம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு அந்தச் சுவர்ப்படங்கள் சான்று.

படம் பணமான பிறகு

இந்தியாவில் நிலைமை மாறியது 1993இல். வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் எதிர்த்தது. அந்நிறுவனத்தின் கருவிகளைச் சுங்கத்துறை தடுத்து வைத்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவை விடுபட்டன. ஓர் அரங்குக்குள் கேமரா போகலாமா என்பது உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு இது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகம் அல்ல என்றது. கருத்துரிமைக்குப் பெரிய வெற்றி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது சரியே. ஆனால் அதன் பிறகு ஒளிபரப்பு உரிமைக்குக் கிடைத்த விலை கிரிக்கெட் வாரியத்தைச் செல்வம் மிக்கதாக்கியது, அந்தச் செல்வத்தைக் காக்க வாசல் விதிகள் இறுகின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இறுக்கம் தொழில்முறையாளரையும் விடவில்லை. 2008 ஏப்ரலில் ஐ.பி.எல். தொடங்கியபோது, படங்களைப் பயன்படுத்துவதற்கு விதித்த நிபந்தனைகளை ஏற்காமல் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் ஒதுங்கி நின்றன. 2012 நவம்பரில் இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கு 'கெட்டி இமேஜஸ்' போன்ற படவிற்பனை நிறுவனங்களுக்கு வாரியம் அனுமதி மறுத்தது, ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி., ஏ.பி. ஆகியவையும் படச் சேவையை நிறுத்தின. செய்திக்காரர் யார், வியாபாரி யார் என்று முடிவு செய்யும் அதிகாரம் திடலின் சொந்தக்காரரிடம் இருக்கலாமா என்பது அதில் எழுந்த கேள்வி. அதற்கு இன்றுவரை நல்ல விடை இல்லை.

இதற்கிடையே பாதுகாப்பும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இங்கிலாந்து அணி திரும்பி வந்து ஆடிய டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடந்தது. டிசம்பர் 15 அன்று 387 ஓட்டங்களைத் துரத்தி, சச்சின் டெண்டுல்கரின் சதத்துடன் இந்தியா வென்றபோது அரங்கைச் சுற்றிக் காவல் அரணே இருந்தது. 2010 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வெளியே குண்டு வெடித்தது. அதன் பிறகு பையோ, மின்கருவியோ வாசலில் கேள்விக்கு உள்ளாவதை யாரும் குறை சொல்ல முடியவில்லை. வியாபாரத் தடை பாதுகாப்புத் தடையின் நிழலில் நின்றுகொண்டது.

பிறகு கைப்பேசி வந்து இந்த வேலியை உடைத்தது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கையில் 'கேமரா கூடாது' என்பது பொருளற்றது. ஆகவே விதி மொழியை மாற்றிக்கொண்டது: தொழில்முறைக் கேமரா கூடாது, கழற்றி மாட்டும் லென்ஸ் கூடாது, வணிக நோக்கம் கூடாது, நேரலை கூடாது. விம்பிள்டனில் 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸ்தான் தடை; அளவு சொல்லிவிடுவதால் வாசலில் வாக்குவாதம் குறைவு. 'தொழில்முறை' என்று மட்டும் எழுதிவிட்டால் முடிவு வாசலில் நிற்கும் ஊழியரின் கண்ணைப் பொறுத்தது. தொலைவை நெருக்கிக் காட்டும் கைப்பேசி உள்ளே போகும். தாத்தாவின் பழைய ஃபிலிம் கேமரா, லென்ஸ் கழல்கிறது என்பதால் வெளியே நிற்கும். படத்தின் தரத்தையோ அதனால் வரும் இழப்பையோ இந்த விதி அளப்பதில்லை. கேமராவின் தோற்றத்தை அளக்கிறது.

விருதுநகரிலிருந்து போகிறவர்

விருதுநகர் மாவட்டத்தில் பன்னாட்டு அரங்கு இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது திண்டுக்கல் அருகே நத்தமும் திருநெல்வேலியும் ஆடுகளங்களாயின. சிவகாசிக்காரருக்குப் பேருந்துத் தொலைவில் தொழில்முறைக் கிரிக்கெட் கிடைத்தது. சேப்பாக்கம் என்றால் பொதிகை விரைவு ரயிலில் இரவு ஏறி அதிகாலையில் எழும்பூரில் இறங்க வேண்டும். உள்ளூர்க்காரர் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். வெளியூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. வாசலில் திருப்பி அனுப்பினால் வைப்பதற்கு இடம் இராது. பூட்டு உள்ள பையாக இருந்தால் ரயில்வே பொருள் காப்பறையில் பயணச்சீட்டைக் காட்டி ஒப்படைத்துவிட்டுப் போவது பலர் கைக்கொள்ளும் வழி. பட்டியலை முந்தின நாளே படிப்பது அதைவிட நல்லது, ஏனெனில் அது போட்டிக்குப் போட்டி மாறும்.

இதே கரிசல் காட்டில் வேறொரு வகை அரங்கும் உண்டு. சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அவ்வூர் ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வருகின்றன. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் இவ்வூர்க்காரர். ஹாக்கித் திடலின் நீளமே 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர்; ஓரத்தில் நிற்பவருக்குப் பந்து பல வேளைகளில் 10 மீட்டருக்குள் வந்துபோகும். சாதாரண லென்ஸில் அங்கே ஆள் ஆளாகவே விழுவார்.

இத்தகைய ஊர்த் திடல்களில் எடுக்கப்பட்ட படங்கள் பத்திரிகைகளில் வராதவை, எந்தப் படவிற்பனை நிறுவனத்திடமும் இல்லாதவை. ஸ்டுடியோ உறைகளிலும் பீரோ ஆல்பங்களிலும் இப்போது பழைய கைப்பேசிகளிலும் கிடக்கின்றன. 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் உரிமை, எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீள்கிறது. பரணிலுள்ள ஆல்பத்தின் படங்களுக்குப் பின்னால் ஆண்டும், ஆட்டமும், எடுத்தவர் பெயரும் எழுதி வைக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்குப் பென்சில் போதும்; மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும்.