மூச்சும் தொடுதலும்: சடுகுடுவை முன்வைத்து ஒரு வட்டார வரலாறு

செம்மங்குப்பம் என்கிற பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியவந்தது 2025 ஜூலை 8ஆம் தேதி. அன்று காலை ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சில நாள் செய்தி, பிறகு விசாரணை, நிவாரணத் தொகை, பிறகு மௌனம். கடலூர் - சிதம்பரம் சாலையில் சிப்காட்டை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர்களெல்லாம் அச்சில் ஏறுவது ஒன்று சாவால், இல்லையென்றால் புகையால். அங்குள்ள பிள்ளைகள் சாயங்காலத்தில் என்ன செய்கிறார்கள் என்பது எந்த ஆவணத்திலும் ஏறாது. விளையாடுகிறார்கள். வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பொருட்டாக எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே எடுத்துக்கொள்வது சடுகுடு, அதாவது இன்றைய கபடி. அமெரிக்கச் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளிக்கு பேஸ்பால் எப்படியோ, நம்முடைய வடமாவட்டக் கிராமத்துப் பையன்களுக்குக் கபடி அப்படி. ஊர்மானம், தெருச்சண்டை, பொங்கல் போட்டிச் சுழற்கோப்பை, அரசு வேலை பற்றிய கனவு எல்லாம் அதில் சேர்ந்து கிடக்கிறது. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், செருப்புகூட வேண்டாம். வேண்டியவை இரண்டே: மூச்சு, தொடுதல். இந்த இரண்டையும் யார் யார் எப்படி ஆள முயன்றார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் விளையாட்டின் வரலாற்றோடு இந்த வட்டாரத்தின் வரலாறும் கூடவே வருகிறது.

பந்து அளந்த நிலம்

கடலூரில் வெள்ளைக்காரன் வீசிய முதல் பந்து பீரங்கிக் குண்டு. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு என்பது பேச்சு. சுட்டார்கள். விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அந்த அளவையைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த நிலத்தில் உழுதவனையும் மாடு மேய்த்தவனையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிற்பாடு மஞ்சக்குப்பத்தில் கச்சேரிகளும் துரை வீடுகளும் வந்தன, மைதானமும் வந்தது. மைதானம் என்ற சொல்லே பாரசீக வழியில் நம்மிடம் வந்தது. நம் கிராமத்தில் இருந்தவை களத்துமேடு, மந்தை, பொட்டல், அறுவடை முடிந்த கொல்லை. இவற்றில் எதுவும் விளையாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. நெல் காயாத நாளில், மாடு இல்லாத நேரத்தில் பையன்கள் எடுத்துக்கொள்ளும் இடம். கிரிக்கெட்டுக்கு ஏக்கர் கணக்கில் காலி நிலம் வேண்டும். கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். பொதுநிலமெல்லாம் சுருங்கிக்கொண்டே வந்த ஒரு வட்டாரத்தில் இந்த விளையாட்டு தாக்குப்பிடித்ததற்கு அதன் சிற்றிடத் தேவையும் ஒரு காரணம். வீரமரபு, தொன்மை என்று பேசுகிறவர்கள் இந்தப் பொருளியல் காரணத்தைக் கவனிப்பதில்லை.

விசிலும் வரிசையும்

காலனியப் பள்ளிக்கூடம் உடலை வரிசையில் நிறுத்திப் பழக்கியது. டிரில் மாஸ்டர் என்ற பெயர் நம் தாத்தாக்களின் பேச்சில் நெடுங்காலம் இருந்தது. 1920இல் அமெரிக்கரான ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவரே. கூடைப்பந்து, கைப்பந்து போன்ற அமெரிக்க ஆட்டங்கள் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் நம் பள்ளிகளுக்குள் வந்தன. பக் உள்ளூர் ஆட்டங்களை ஒதுக்கியவரல்ல. அவற்றையும் பாடத்துக்குள் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் நுட்பம் இருக்கிறது. பாடத்துக்குள் வந்த ஆட்டத்துக்குக் கோடு, நேரம், நடுவர், விசில், மதிப்பெண் எல்லாம் வந்துவிடுகின்றன. அதிகாரம் உடலை நசுக்குவதோடு நிற்பதில்லை, பயிற்சி கொடுத்து உருவாக்கவும் செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னதைப் புரிந்துகொள்ள நாம் பிரான்சுச் சிறைக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. நம்ம ஊர் ஹைஸ்கூல் பி.டி. பீரியடே போதும்.

ஆனால் இதை ஒற்றைப்படையாகவும் பார்க்கக்கூடாது. அந்தப் பீரியடில்தான் பல கிராமத்துப் பையன்களுக்குத் தங்கள் உடம்பு கூலிவேலைக்கு மட்டுமானதல்ல என்பது தெரிந்தது. பி.டி. மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் ரயில்வேயிலும் போலீசிலும் மின்வாரியத்திலும் கதவு திறந்தது. ஒழுங்குபடுத்தலும் விடுதலையும் ஒரே விசிலில் ஊதப்பட்டன.

அங்கீகரிக்கப்பட்ட ஒரு சொல்

வங்காளத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதூது, ஆந்திரத்தில் செடுகுடு, நம்மிடம் சடுகுடு. ஊருக்கொரு விதி, ஊருக்கொரு பாட்டு. இதை ஒரே ஆட்டமாக்கும் வேலை 1920களில் மேற்கிந்தியாவில் நடந்தது. 1923இல் பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து போன குழு செய்துகாட்டியது. 1938இல் கல்கத்தாவில் இந்திய ஒலிம்பிக் போட்டியில் சேர்ந்தது. 1950இல் அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் உருவாயிற்று. 1952இல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது நம் சென்னையில். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது. தேசம் தனக்கென்று ஒரு விளையாட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது இது அகப்பட்டது. அபிமன்யுவின் சக்கரவியூகம்தான் கபடி என்று ஒருவர் எழுதுவார். கைப்பிடி என்ற தமிழ்ச் சொல்தான் கபடியானது என்று நம்மவர் பதில் எழுதுவார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஆடுகிறவனை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் பரம்பரை தேடுதல்.

விதிப்புத்தகத்தில் ஒரு வரி என் கவனத்தை இழுக்கிறது. பாடிப்போகிறவன் ஒரே மூச்சில், இடைவிடாமல், தெளிவாக, அங்கீகரிக்கப்பட்ட சொல்லான 'கபடி'யைச் சொல்ல வேண்டும். நம் வழக்கில் அதற்குப் பெயரே பாட்டு. 'பாடிக்கிட்டே போடா' என்பார்கள். அந்தப் பாட்டில் கேலி இருந்தது, முறைப்பெண் இருந்தாள், எதிராளியின் பரம்பரையே இருந்தது. வாய்மொழி மரபின் ஒரு முழு வகைமை, மூச்சின் நீளத்தையே யாப்பாகக் கொண்ட ஒரு வகைமை, ஒரேயொரு அங்கீகரிக்கப்பட்ட சொல்லாகச் சுருக்கப்பட்டது. நாட்டுப்புறப் பாடல் தொகுத்தவர்கள் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் காட்டிய அக்கறையில் சிறு பங்கைக்கூட இதற்குக் காட்டவில்லை.

பிறகு கடிகாரம் வந்தது. இன்று ஒரு பாடலுக்கு 30 வினாடிதான். முன்பு அவனவன் மூச்சு எவ்வளவோ அவ்வளவு நேரம் எதிர்க்கோட்டில் நிற்கலாம். அளவுகோல் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது. இப்போது அது நடுவரின் கையில் இருக்கிறது. 2014இல் புரோ கபடி லீக் வந்தபின் மண் போய் மெத்தை விரிப்பு, வெறுங்கால் போய் ஷூ, ஊர்ப்பெயர் போய் ஏலத்தொகை. வினாடிக் கணக்கு தொலைக்காட்சிக்கு வசதி. இதையெல்லாம் சீரழிவு என்று புலம்பவில்லை. மெத்தையில் முட்டி உடைவது குறையும், ஏலத்தில் ஒரு குடும்பம் கரையேறும். ஆனால் கிராமத்துப் பையனுக்கு ஒரு புது விலக்கம் உருவாகியிருக்கிறது. மண்ணில் பழகியவன் மெத்தையில் தேர்வாக வேண்டும். அந்த மெத்தை அவன் ஊரில் இல்லை.

தொட்டால் அவுட்

கபடியின் முழு விதியையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வா. தொட்டவனை மடக்கிப் பிடி. தொடுதலையே பாவமாக்கி வைத்த ஒரு சமூகத்தில் இப்படியொரு ஆட்டம் எப்படி நிலைத்தது? ஒரு பதில் எளிமையானது. அவரவர் ஆட்களோடு அவரவர் ஆடினார்கள். ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். டிரினிடாடில் தோல் நிறத்துக்கேற்பக் கிரிக்கெட் கிளப் பிரிந்திருந்ததை சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதினார். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடை 1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோதுதான் உடைந்தது. அங்கே பந்துக்கும் உடலுக்கும் நடுவே தூரம் உண்டு. இங்கே இடுப்பைக் கட்டிப் பிடித்தாக வேண்டும், காலை வாரியாக வேண்டும். வியர்வை கலக்காமல் கபடி கிடையாது.

பள்ளிக்கூட டீம் என்ற ஒன்று வந்தபோதுதான் ஊரும் காலனியும் ஒரே கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றன. கைகோத்து நின்றன. கபடியில் தடுப்பவர்கள் சங்கிலியாகக் கைகோத்தே ஆக வேண்டும், தனித்து நின்றால் பிடி நிற்காது. அரசுப் பள்ளியின் ஏழு பேர் கொண்ட அணி இந்தச் சமூகம் உருவாக்கிய மிக அபூர்வமான கலப்பு வெளிகளில் ஒன்று. டியூஷன் சென்டரிலும் கோயில் திருவிழாவிலும் நடக்காதது அங்கே நாற்பது நிமிடம் நடந்தது.

அதனாலேயே அது பலரைத் தொந்தரவு செய்கிறது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வெட்டப்பட்டவை விரல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொட்டுவிட்டு ஜெயித்துத் திரும்பிய கையின் விரல்கள். அதே மாவட்டத்தின் மணத்தியிலிருந்துதான் கணேசன் கிளம்பிப் போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் 'பைசன்' படம் வந்தது. படத்துக்குக் கைதட்டிய ஆண்டும் விரல் போன ஆண்டும் ஒன்றே. விளையாட்டு சாதியை ஒழித்துவிடும் என்று நம்புகிறவர்களும், விளையாட்டில் அரசியல் கூடாது என்கிறவர்களும் இந்த ஒரே ஆண்டை விளக்கிச் சொல்லட்டும்.

மூச்சு யாருடையது

இனி மறுபடி கடலூர். 1980களில் பழைய நகரத்துக்குத் தெற்கே சிப்காட் வந்தது. ரசாயனம், மருந்து, சாயம் என்று ஆலைகள் வரிசையாக எழும்பின. வேலை வரும் என்றார்கள். கொஞ்சம் பேருக்கு வந்தது. காற்று எல்லோருக்கும் வந்தது. 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயம் ஊர் மக்களிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை வெளியிட்டது. 2004இல் கிராமத்தாரே வாளிக்கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சுப்பொருள்கள் இருந்தன, அவற்றில் புற்றுநோய் உண்டாக்குபவையும் அடக்கம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நீரி நிறுவனம் செய்த ஆய்வு, புற்றுநோய் அபாயம் சாதாரண அளவைக் காட்டிலும் குறைந்தது 2000 மடங்கு என்று மதிப்பிட்ட செய்தி 2008இல் வெளியே வந்தது. 2009இல் மத்திய வாரியம் போட்ட தரவரிசையில் கடலூர் 77.45 புள்ளியோடு மிக மோசமாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றானது.

இந்த எண்களையெல்லாம் சூழல் இயக்கத் தோழர்கள் நன்கறிவார்கள். ஆனால் இவற்றைக் களத்துமேட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தவர் யாருமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். ஓடியாடும் இளைஞனுக்கு அது பத்து மடங்குக்கு மேல் போகும். ஆக, அசுத்தக் காற்றில் அதிகம் பாதிக்கப்படுகிறவன் யார்? கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவனல்ல, வெளியே விளையாடுகிறவன். கபடி ஆடுகிறவனோ அந்தக் காற்றை இழுத்து, அடக்கி, பாடி, பிறகு விடுகிறான். பாட்டு முடிந்து எல்லைக்கோட்டுக்கு வந்து வாய் பிளந்து அவன் வாங்குகிற மூச்சுதான் மிகப் பெரியது. உடம்பை வளர்ப்பதற்கென்று செய்கிற காரியமே உடம்புக்கு எதிரியாகிற விந்தை இங்கே நிகழ்கிறது. கடிகாரம் வந்து மூச்சின் கணக்கைப் பிடுங்கியது ஒரு வரலாறு. ஆலை வந்து மூச்சையே பிடுங்குவது இன்னொன்று. முன்னதை நடத்தியவர்கள் விளையாட்டுச் சம்மேளனத்தார், பின்னதை நடத்தியவர்கள் வளர்ச்சியின் பெயரால் வந்தவர்கள். இரண்டு இடத்திலும் 'பாடிப்போகிறவனிடம்' யாரும் கேட்கவில்லை. 1690இல் குண்டு வீசியபோதும் கேட்கவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகாவும் இருந்தார். நகரத்தின் நடுவிலிருந்து ஏழைகளைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். பரிசுத்தொகை, பாராட்டு எல்லாம் நியாயமானதே. ஆனால் ஒரு கார்த்திகாவைக் கொண்டாடுவதும் ஆயிரம் பிள்ளைகள் ஆடுகிற காற்றையும் மண்ணையும் பற்றிப் பேசாதிருப்பதும் ஒரே அரசாங்கத்தின் இரண்டு கைகள்.

ஆகவே தோழர்களுக்கு வேண்டுகோளாகச் சில. சிப்காட் சுற்றுப்புறப் பள்ளிகளில் ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளின் நுரையீரல் திறனை அளந்து முடிவை ஊராட்சியில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். அளப்பதற்கு ஒரு சிறு ஊதுகருவி போதும். காற்றின் தரம் மோசமான நாளில் வெளிவிளையாட்டை நிறுத்துவதோடு விடாமல் ஆலையையும் நிறுத்தச் சொல்லலாம், ஏனென்றால் பிள்ளையை உள்ளே பூட்டுவது தீர்வாகாது. பொட்டல்களையும் மந்தைகளையும் கிராமக் கணக்கில் விளையாட்டிடம் என்று பதியவைக்கலாம். ஊர், காலனி என்று பிரித்து நடத்துகிற போட்டிக்குக் கோப்பை கொடுக்கப் போகிற நம் எழுத்தாளர்கள் மேடையேறும் முன் டீம் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இன்னும் உயிரோடிருக்கிற பழைய ஆட்டக்காரர்களிடம் அந்தப் பாட்டுகளைக் கேட்டு எழுதிவைக்கலாம். இருமிக்கொண்டேதான் பாடுவார்கள். அந்த இருமலையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.